கூத்து வீடியோ டிவியில் ஓடவில்லை: பென்டிரைவில் போடுவதற்கு முன் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது

பாலக்கோடு பக்கத்து ஊரிலிருந்து வந்த கேள்வி இது. திருவிழாவில் நடந்த பாரதக் கூத்தை ஸ்டுடியோக்காரர் படம்பிடித்து 64 ஜிபி பென்டிரைவில் கொடுத்திருக்கிறார். வீட்டு டிவியில் சொருகினால் சில ஃபைல்களில் சத்தம் மட்டும் வருகிறது, சிலவற்றில் படம் மட்டும் வருகிறது. போனில் எடுத்த எருது விடும் விழா வீடியோ படுத்துக்கொண்டு ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி கன்வெர்ட் செய்துவிடலாமா, எந்த செட்டிங் வைப்பது, ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி4 என்று மாற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயரை மாற்றுவதால் பயனில்லை. எல்லாவற்றையும் கன்வெர்ட் செய்வதும் வேண்டாம். ஒவ்வொரு முறை கன்வெர்ட் செய்யும்போதும் படத்தின் தரம் கொஞ்சம் குறையும், போனது திரும்பாது. ராத்திரி வெளிச்சத்தில் எடுத்த கூத்துக்கு அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும். அதனால் எந்த இடத்தில் கோளாறு என்று முதலில் கண்டுபிடித்து, அதை மட்டும் சரி செய்ய வேண்டும்.

ஒரு வீடியோ டிவியில் ஓட நான்கு விஷயம் பொருந்த வேண்டும். பென்டிரைவின் ஃபார்மேட்டை டிவி படிக்க வேண்டும். ஃபைலின் உறையை, அதாவது எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி, எம்டிஎஸ் என்பதை, டிவி பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ, அந்தக் கோடெக்குக்கு டிவி சிப்பில் வேலை செய்யும் பகுதி இருக்க வேண்டும். சத்தத்தின் கோடெக்குக்கும் அப்படியே. கம்ப்யூட்டரில் விஎல்சி எல்லாவற்றையும் ஓட்டுகிறதே என்று கேட்பார்கள். விஎல்சியால் பிராசசரை வைத்து மென்பொருளாகவே ஏறக்குறைய எல்லாக் கோடெக்கையும் பிரிக்க முடியும். டிவி அந்த வேலைக்கென்று சிப்பில் செதுக்கிய பகுதியை வைத்துத்தான் பிரிக்கிறது. அங்கே இல்லாத கோடெக்கைப் பிறகு சேர்க்க முடியாது.

அறிகுறியை வைத்தே பாதி முடிவு செய்யலாம். ஃபைல் பட்டியலிலேயே வரவில்லை என்றால் பென்டிரைவ் ஃபார்மேட் அல்லது உறை. சத்தம் வந்து திரை கருப்பாக இருந்தால் வீடியோ கோடெக். படம் வந்து சத்தம் இல்லை என்றால் ஆடியோ கோடெக். நன்றாக ஓடிக்கொண்டிருந்து வேகமான காட்சியில் மட்டும் திக்கித் திக்கி நின்றால் பிட்ரேட் (ஒரு வினாடிப் படத்துக்குச் செலவாகும் தரவின் அளவு) அதிகம், அல்லது பென்டிரைவ் மெதுவானது. போகப் போகச் சத்தமும் வாயசைவும் விலகினால் பிரேம்ரேட் (வினாடிக்கு எத்தனை பிரேம், அதாவது தனிப் படம், என்பது) சீராக இல்லை.

உறுதி செய்துகொள்ள மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபைலை அதில் இழுத்துவிட்டு, வியூ மெனுவில் ட்ரீ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லா விவரமும் வரும். பார்க்க வேண்டியவை இவை: வீடியோவின் கீழே ஃபார்மேட், ஃபார்மேட் புரொஃபைல், பிட் டெப்த், குரோமா சப்சாம்பிளிங், பிரேம் ரேட் மோடு, ஸ்கேன் டைப், ஆடியோவின் கீழே ஃபார்மேட். சாஃப்ட்வேர் போட முடியாத இடத்தில் விஎல்சியில் கண்ட்ரோலும் ஜே எழுத்தும் சேர்த்து அழுத்தினால் ஓரளவு தெரியும்.

உங்கள் ஸ்டுடியோ ஃபைலில் ஃபார்மேட் ஏவிசி என்று இருக்கலாம். அதுதான் எச்.264. 2003இல் வந்த தரம் இது, யுஎஸ்பி உள்ள எல்இடி டிவிகள் அநேகமாக எல்லாமே இதை ஓட்டும். பிறகு ஏன் கருப்புத் திரை? அடுத்த வரிகளைப் பாருங்கள். பிட் டெப்த் (நிறத்தின் நுணுக்க அளவு) 10 என்றோ, குரோமா (நிற விவரம் எவ்வளவு வைக்கப்பட்டிருக்கிறது என்பது) 4:2:2 என்றோ இருந்தால் காரணம் அதுதான். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் எடிட்டிங்குக்காக 10 பிட், 4:2:2 என்று பதிவு செய்யும் வசதி உண்டு. அந்தத் தரத்திலேயே எடிட் செய்து அப்படியே எக்ஸ்போர்ட் செய்துவிட்டால், எச்.264 என்றே பெயர் இருந்தாலும் டிவி சிப் கைவிரிக்கும். டிவிக்கு வேண்டியது 8 பிட், 4:2:0.

புரொஃபைல் வரியில் ஹை@எல்4.1 என்பது போல ஒன்று இருக்கும். 4.1 என்பது லெவல், அதாவது சிப் தாங்க வேண்டிய சுமையின் அளவு. வினாடிக்கு 30 பிரேம் வரையுள்ள 1080 படத்துக்கு 4.0 அல்லது 4.1 போதும். 50, 60 பிரேம் என்றால் 4.2 ஆகிவிடும், பழைய டிவிகள் பல அங்கே திணறும். எல்5.1 என்றும் ரெஃபரன்ஸ் பிரேம் (ஒப்பிட்டுப் பார்க்க சிப் நினைவில் வைக்க வேண்டிய பிரேம்) 16 என்றும் காட்டும் ஃபைல்களும் கைக்குக் கை வரும். 1080 படத்தில் லெவல் 4.1 அனுமதிப்பது 4 ரெஃபரன்ஸ் பிரேம்தான். அதற்கு மேல் போனால் சிப்பின் நினைவகம் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும்.

ஃபார்மேட் எச்இவிசி என்றிருந்தால் அது எச்.265, 2013இல் வந்தது. 4கே டிவிகள் பொதுவாக இதை 10 பிட்டிலும் ஓட்டும். 32 இன்ச் எச்டி ரெடி டிவிகளிலும் பழைய ஃபுல் எச்டி டிவிகளிலும் பெரும்பாலும் ஓடாது. ஐபோனில் எடுத்தது அநேகமாக இந்த வகைதான். போனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ், மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று மாற்றிவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு இந்தப் பிரச்சினை வராது.

கன்வெர்ட் செய்ய உட்காருமுன் ஸ்டுடியோவுக்கு ஒரு போன் போடுங்கள். எடிட் செய்த புராஜெக்ட் அவரிடம் இருந்தால் நல்ல தரத்திலிருந்து நேராக எடுத்துத் தரலாம், நீங்கள் இரண்டாம் முறை சுருக்கும் இழப்பு இருக்காது. இப்படிச் சொல்லுங்கள்: எம்பி4, எச்.264, ஹை புரொஃபைல், லெவல் 4.1, 1920க்கு 1080, புரோகிரசிவ், 25 பிரேம், 8 பிட், 4:2:0, பிட்ரேட் 10 எம்பிபிஎஸ், ஆடியோ ஏஏசி ஸ்டீரியோ 48 கிலோஹெர்ட்ஸ், 40 நிமிடத்துக்கு ஒரு ஃபைல். இந்த ஒரு வாக்கியத்தை எழுதி அனுப்பினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

படம் வந்து சத்தம் வராத ஃபைல்களை முழுதாகக் கன்வெர்ட் செய்யவே கூடாது. ஆடியோவை மட்டும் மாற்றினால் போதும். கேமராவிலிருந்து வந்த எம்ஓவி ஃபைல் என்றால் உள்ளே பிசிஎம் என்ற சுருக்காத ஆடியோ இருக்கலாம். சினிமாப் பட ஃபைல்கள் என்றால் டிடிஎஸ் என்ற ஆடியோ கோடெக் இருக்கலாம். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸை நீக்கிவிட்டது, எல்ஜி 2020 மாடல்களில் நீக்கியது. புது டிவியில் சத்தம் வராத ஃபைல் பழைய டிவியில் நன்றாக ஓடுவதற்குக் காரணம் இதுதான். அவிடெமக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஃபைலைத் திறந்து, இடப்பக்கம் வீடியோ அவுட்புட் என்பதில் காப்பி என்றே விட்டுவிட்டு, ஆடியோ அவுட்புட்டில் மட்டும் ஏஏசி தேர்ந்தெடுங்கள். அவுட்புட் ஃபார்மேட்டில் எம்பி4 மக்ஸர் வைத்து சேவ் செய்யுங்கள். படம் அப்படியே நகலாவதால் தரம் துளிகூடக் குறையாது, ஒரு மணி நேர ஃபைல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எம்கேவி உறைதான் பிடிக்கவில்லை என்றாலும் இதே வழிதான், அப்போது ஆடியோவையும் காப்பி என்றே விடலாம்.

வீடியோ கோடெக்கே ஒத்துவராத ஃபைல்களுக்கு மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட் செய்யும் சாஃப்ட்வேர். இதுவும் இலவசம். ஃபைலைத் திறந்ததும் பிரீசெட்டில் ஃபாஸ்ட் 1080பி30 தேர்ந்தெடுத்துக்கொண்டு, பிறகு இவற்றை மாற்றுங்கள்.

சம்மரி பக்கத்தில் ஃபார்மேட் எம்பி4. வீடியோ பக்கத்தில் என்கோடர் எச்.264, எக்ஸ்264 என்று இருப்பது. கிராபிக்ஸ் சிப்பை வைத்துச் செய்யும் என்விஎன்க், குவிக் சிங்க் போன்றவை பல மடங்கு வேகம்தான். ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாகும், இருட்டுக் காட்சிகளில் கட்டங்கள் தெரியும். கூத்துக்கு எக்ஸ்264தான் சரி, நேரம் ஆகட்டும். பிரேம்ரேட்டில் சேம் அஸ் சோர்ஸ், பக்கத்தில் கான்ஸ்டன்ட். 25இல் எடுத்ததை 30 ஆக்கினால் கேமரா நகரும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி ஓடும். புரொஃபைல் ஹை, லெவல் 4.1 அல்லது 4.0. என்கோடர் பிரீசெட் மீடியம், லேப்டாப் தாங்கினால் ஸ்லோ.

தரத்துக்கு கான்ஸ்டன்ட் குவாலிட்டி என்ற அளவுகோல் இருக்கிறது. எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 1080 படத்துக்கு 20 முதல் 24, 720க்கு 19 முதல் 23, பழைய டிவிடி அளவுக்கு 18 முதல் 22 என்பது ஹேண்ட்பிரேக்காரர்களே சொல்லும் அளவு. உங்கள் ஊர்ப் பக்கம் எடுக்கப்படும் வீடியோக்களுக்கு இந்த ஒரே அளவை எல்லா இடத்திலும் பொருத்த முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.

சுருக்கும் முறை என்ன செய்கிறது என்றால், முந்தைய பிரேமில் இருந்தது இந்தப் பிரேமில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடி, மாறிய பகுதியை மட்டும் எழுதி வைக்கிறது. கூத்து மேடையில் பின்திரை அசையாது, விளக்கு அசையாது, கேமரா ஸ்டாண்டில் நிற்கிறது, ஆட்டக்காரர் மட்டும் நகர்கிறார். சுருக்குவதற்கு மிக எளிதான படம் இது. ஆனால் வெளிச்சம் குறைவு என்பதால் கேமரா தானாக ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) ஏற்றியிருக்கும், இருட்டுப் பகுதி முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் துள்ளும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு பிரேமிலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் பிட் எல்லாம் அதற்கே செலவாகும். ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீநாய்ஸ் என்பதில் என்எல்மீன்ஸ், லைட் என்று வைத்தால் இரைச்சல் அடங்கி ஃபைலும் கணிசமாகச் சுருங்கும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். அரிதாரத்தின் கோடுகளும் கிரீடத்தின் கண்ணாடி வேலைப்பாடும் மழுங்கிவிடும். என்எல்மீன்ஸ் மிக மெதுவானது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தரம் 21 போதும்.

எருது விடும் விழா இதற்கு நேர் எதிர். கூட்டம், புழுதி, மாட்டின் ஓட்டம், கூடவே திரும்பும் கேமரா, எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒகேனக்கல் அருவி இன்னும் மோசம். நுரையில் எந்தப் புள்ளியும் அடுத்த பிரேமில் அதே உருவில் இருக்காது, நகலெடுக்க ஒன்றுமே கிடைக்காது. 20 என்று வைத்தால் பிட்ரேட் தாறுமாறாக ஏறி, மலிவான டிவியும் மெதுவான பென்டிரைவும் திக்கும். இந்த வகை வீடியோவுக்கு கான்ஸ்டன்ட் குவாலிட்டியை விட்டுவிட்டு, ஆவரேஜ் பிட்ரேட்டில் 10000 முதல் 12000 கேபிபிஎஸ் கொடுத்து, மல்டி பாஸ் என்பதையும் டிக் செய்யுங்கள். முதல் சுற்றில் எங்கே கடினம் என்று அளந்துகொண்டு, இரண்டாம் சுற்றில் பிட்டைப் பங்கிடும். மாடு ஓடுவதை 50 பிரேமில் எடுத்திருந்தால் 1080இல் 25 ஆக்குவதைவிட, டைமென்ஷன்ஸ் பக்கத்தில் 720க்கு இறக்கி 50 பிரேமையே வைத்துக்கொள்வது மேல். அதற்கு லெவல் 3.2 போதும், பழைய டிவியும் ஓட்டும், ஓட்டமும் வழுவழுப்பாக இருக்கும். 32 இன்ச் எச்டி ரெடி டிவியின் திரையே 1366க்கு 768தான், 720 படம் அதில் குறையாகத் தெரியாது.

மீடியாஇன்ஃபோவில் ஸ்கேன் டைப் இன்டர்லேஸ்டு என்று இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. பழைய கேம்கார்டர்களின் எம்டிஎஸ் ஃபைல்கள் பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு வினாடிக்கு 50 அரைப்படம். கவனிக்காமல் கன்வெர்ட் செய்தால் கை வீசும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பதிந்துவிடும், பிறகு எடுக்க முடியாது. ஃபில்டர்ஸில் டீஇன்டர்லேஸ் என்பதில் பிடபிள்யூடிஃப் அல்லது யாடிஃப் தேர்ந்தெடுங்கள். டிஃபால்ட் வைத்தால் 25 பிரேம் வரும். பாப் வைத்தால் 50 பிரேம் வரும், அடவும் சுழற்சியும் உயிரோடு தெரியும். பாப் வைக்கும்போது மேலே சொன்ன 720 கணக்கைப் பின்பற்றுங்கள். எம்டிஎஸ் ஃபைல் மாற்றாமலேயே டிவியில் ஓடுகிறதென்றால் அதைத் தொடவே வேண்டாம், டிவியே அந்தக் கோடுகளை நீக்கிக்கொள்ளும். கேமரா ஒரே காட்சியை 2 அல்லது 4 ஜிபிக்கு ஒரு ஃபைலாக உடைத்திருக்கும். தனித்தனியாகக் கன்வெர்ட் செய்து ஒட்டினால் ஒட்டுமிடத்தில் பாட்டு ஒரு கணம் அறுபடும். முதலில் அவிடெமக்ஸில் ஒன்றன்பின் ஒன்றாக அப்பெண்ட் செய்து காப்பி முறையில் ஒரே ஃபைலாக்கி, பிறகு கன்வெர்ட் செய்யுங்கள்.

போன் வீடியோவில் இரண்டு குறை. வெளிச்சத்துக்கு ஏற்பப் போன் பிரேம்ரேட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கும், மீடியாஇன்ஃபோ இதை வேரியபிள் என்று காட்டும். சத்தம் விலகிப் போவது அதனால்தான், கான்ஸ்டன்ட் வைத்துக் கன்வெர்ட் செய்ததும் சரியாகும். படுத்துக்கொண்டு ஓடுவதற்குக் காரணம், போன் படத்தைத் திருப்பாமல் 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் ஃபைலில் எழுதி வைப்பது. பல டிவிகள் அந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை. ஹேண்ட்பிரேக் பார்த்து, படத்தையே திருப்பி எழுதிவிடும். போனிலிருந்து ஃபைலை எடுக்கும்போது கேபிள் வழியாக எடுங்கள். வாட்ஸ்அப்பில்தான் வர வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை சுருங்காமல் வரும்.

ஆடியோ பக்கத்தில் ஏஏசி, ஸ்டீரியோ, 160 அல்லது 192 கேபிபிஎஸ். மைக்கை ஒரே சேனலில் பதிந்திருந்தால் பாட்டு இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். அப்போது மிக்ஸ்டவுனில் மோனோ, லெஃப்ட் ஒன்லி என்று வைத்தால் இரண்டு பக்கமும் சமமாக வரும். ஃபைலில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆடியோ டிராக் இருந்தால் தமிழை முதலில் வையுங்கள், சில டிவிகள் முதல் டிராக்கை மட்டுமே எடுக்கும்.

சப்டைட்டில் தேவைப்பட்டால் எஸ்ஆர்டி ஃபைலை (வசன எழுத்துகள் உள்ள ஃபைல்) யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் சேமித்து வீடியோவின் அதே பெயரைக் கொடுத்துப் பாருங்கள். டிவியில் கட்டம் கட்டமாக வந்தாலோ, கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றாலோ, ஹேண்ட்பிரேக்கின் சப்டைட்டில்ஸ் பக்கத்தில் இம்போர்ட் செய்து பர்ன் இன் டிக் செய்யுங்கள். எழுத்து படத்தோடு பதிந்துவிடும். பாமினி எழுத்துருவில் அடித்ததென்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

முழு ராத்திரிக் கூத்தையும் ஓடவிடுமுன் சோதனை அவசியம். ஹேண்ட்பிரேக்கில் ரேஞ்ச் என்பதை செகண்ட்ஸுக்கு மாற்றி, இருட்டும் வேகமும் அதிகமுள்ள இரண்டு நிமிடத்தை மட்டும் கன்வெர்ட் செய்து டிவியில் போட்டுப் பாருங்கள். ராத்திரிச் சண்டைக் காட்சி நல்ல சோதனை. முன்னே பின்னே ஓட்டிப் பார்ப்பதையும் அப்போதே செய்யுங்கள். பிறகு ஒரு மணி நேரத் துண்டுகளாகக் கியூவில் சேர்த்துவிட்டு விடுங்கள். துண்டாக்குவதற்குக் காரணம் கரண்ட். எம்பி4 ஃபைலின் அட்டவணை கன்வெர்ட் முடியும்போதுதான் எழுதப்படும். ஏழு மணி நேரம் ஓடிய பின் யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் கரண்ட் போனால் அந்த ஃபைல் மொத்தமும் திறக்காது. துண்டுகளாக இருந்தால் ஒன்று மட்டும்தான் வீணாகும்.

துண்டாக்கினால் பென்டிரைவ் கணக்கும் சுலபமாகும். எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 8 எம்பிபிஎஸ் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி, 10 எம்பிபிஎஸ் என்றால் 4.5 ஜிபி. அதனால் 10, 12 கொடுத்த வீடியோக்களை 40 நிமிடத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். புது டிவிகள் பலவும் எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் படிக்கும், அங்கே இந்த எல்லை இல்லை. ஆனால் பென்டிரைவ் பல வீடுகளுக்குப் போகப் போகிறது என்றால் எஃப்ஏடி32 வைப்பதே நல்லது. 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவுக்கு விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னல் அந்த வாய்ப்பையே பொதுவாகக் காட்டாது, ரூஃபஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் செய்யலாம். ஃபைல் பெயர்களை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் ஆங்கில எழுத்தில் வையுங்கள். 1, 2, 10 என்று வைத்தால் சில டிவிகள் 1க்கு அடுத்து 10ஐ ஓட்டும்.

சொருகியதும் 'ரெக்கார்டிங்குக்காக ஃபார்மேட் செய்யவா' என்று டிவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சரி என்றால் எல்லாம் அழிந்துவிடும். விலை மிகக் குறைந்த பென்டிரைவ்களில் 64 ஜிபி என்று காட்டிவிட்டு உள்ளே 8 ஜிபிதான் இருக்கும் போலிகளும் உண்டு. காப்பி ஆனது போலவே தெரியும், பின்பாதி ஃபைல்கள் மட்டும் ஓடாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சாஃப்ட்வேர் முழுக்க எழுதிப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். ஹார்ட் டிஸ்க் சொருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர். டிவியில் எச்டிடி என்று எழுதிய போர்ட் இருந்தால் அதில் போடுங்கள்.

செட்டாப் பாக்ஸில் உள்ள யுஎஸ்பியில் சொருகிப் பார்த்து டிவியைக் குறை சொல்ல வேண்டாம். அதன் சிப் தனி, ஓட்டும் வகைகளும் வேறு.

பழைய டப்பா டிவியும் யுஎஸ்பி உள்ள டிவிடி பிளேயரும் இருக்கும் வீட்டுக்குக் கொடுப்பதென்றால் மேலே சொன்ன எதுவும் அநேகமாக ஓடாது. அவிடெமக்ஸில் வீடியோ அவுட்புட்டில் எம்பெக்4 ஏஎஸ்பி, எக்ஸ்விட் தேர்ந்தெடுத்து, ஃபில்டரில் அளவை 720க்கு 400 ஆக்கி, 25 பிரேம், பிட்ரேட் 1500 முதல் 2000 கேபிபிஎஸ், ஆடியோ எம்பி3 128, உறை ஏவிஐ என்று வையுங்கள். கியூபெல், ஜிஎம்சி என்ற இரண்டு செட்டிங்கும் ஆஃபில் இருக்க வேண்டும், அந்தப் பிளேயர்கள் அவற்றில்தான் உறைந்து நிற்கும். பென்டிரைவ் எஃப்ஏடி32ஆகவே இருக்கட்டும்.